மாணவர் இடத்தில் அமர்ந்து பார்ப்போம்

1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் ஒரு தொழிலாளிக்கு எவ்வளவு இடம் வேண்டும் என்பதைக் கணக்கிட்டுச் சொன்னது. அச்சட்டத்துக்குப் பின் கட்டப்பட்ட தொழிற்சாலைகளில் ஆளுக்கு 14.2 கன மீட்டர் இடம் இருக்க வேண்டும் என்று அது விதித்திருந்தது. வெளிச்சம், காற்றோட்டம், குடிநீர், நின்றே வேலை செய்பவர்கள் இடையில் உட்கார இருக்கை என ஒவ்வொன்றுக்கும் அதில் தனிப் பிரிவு இருந்தது.

இப்போது நம் வகுப்பறைக்கு ஒரு கணக்குப் போடுவோம். 20 அடி நீளம், 20 அடி அகலம், 10 அடி உயரம் என்றால் 4000 கன அடி. அதாவது சுமார் 113 கன மீட்டர். 40 மாணவர்களும் ஓர் ஆசிரியரும் இருந்தால் ஆளுக்கு 2.8 கன மீட்டர்கூட வராது. வகுப்பறையைத் தொழிற்சாலையோடு ஒப்பிட முடியாதுதான். அங்கே இயந்திரங்கள் உண்டு, புகை உண்டு. ஆனால் வகுப்பறையும் ஒரு பணியிடம். குழந்தைகள் அங்கே நாளெல்லாம் கேட்கிறார்கள், எழுதுகிறார்கள், யோசிக்கிறார்கள். நாம் அங்கே பேசுகிறோம், நிற்கிறோம், திருத்துகிறோம். பணியிடம் சரியில்லை என்றால் பணி எப்படிச் சரியாக நடக்கும்?

கட்டடத்தை மாற்றுவது நம் கையில் இல்லை. ஆனால் இருக்கிற அறையை நன்றாகப் பயன்படுத்துவதில் பெரும்பகுதி நம் கையில்தான் இருக்கிறது. அதற்குச் செலவும் அதிகம் இல்லை. எங்கள் பள்ளியில் செய்து பார்த்தவற்றையும், படித்துத் தெரிந்துகொண்டவற்றையும் இங்கே பகிர்கிறேன்.

பட்டியலும் வரைபடமும்

ஒவ்வொரு தேர்வுக்குப் பிறகும் மெல்லக் கற்போர் பட்டியல் தயாரிக்கிறோம். நான் எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். ஒரு காலாண்டுத் தேர்வு முடிந்ததும் அந்தப் பட்டியலைக் கூட்டத்தில் கொடுப்பதற்கு முன், வகுப்பின் இருக்கை வரைபடம் ஒன்றை வரைந்து அதில் அந்த ஒன்பது பெயர்களையும் குறித்தேன். ஆறு பெயர்கள் இரண்டே இடங்களில் விழுந்தன. ஒன்று, சன்னலுக்கு எதிர்ப்புறமாக உள்ள சுவரோர வரிசை. மற்றொன்று, சாலைப் பக்கம் இருக்கும் பின்மூலை.

அன்று மாலை பிள்ளைகள் போனபின் அந்த ஆறு இடங்களிலும் போய் அமர்ந்தேன். சுவரோர வரிசையிலிருந்து பார்த்தால் கரும்பலகையின் பாதி வெள்ளையாகப் பளபளத்தது; அங்கே எழுதியிருந்தது ஒன்றும் தெரியவில்லை. பின்மூலையில் பேருந்தின் ஓசையும் மின்விசிறியின் கடகடப்பும் சேர்ந்து காதை அடைத்தன.

இடம் மாற்றியதும் ஆறு பேரும் முதல் மதிப்பெண் எடுத்துவிட்டார்கள் என்று சொன்னால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். அப்படி நடக்கவும் இல்லை. மூன்று பேரின் குறிப்பேடுகள் சில வாரங்களில் தெளிவாகின. ஒரு மாணவிக்குக் கண்ணாடி தேவைப்பட்டது. பலகைக்கு அருகே வந்தும் எழுத்தைத் தவறவிட்டதால்தான் அது தெரிந்தது. மற்ற இருவருக்கும் வாசிப்பிலேயே உதவி தேவை என்பது உறுதியாயிற்று. ஆக, அறையின் குறை எது, குழந்தையின் தேவை எது என்று பிரித்துப் பார்க்க முடிந்தது. ஒரு குழந்தையின் பெயருக்கு நேரே நாம் எழுதும் ஒரு சொல் ஆண்டுக்கணக்கில் அதனுடன் வரும். அதை எழுதுவதற்கு முன் இந்த ஒரு மணி நேரச் சோதனை அவசியம்.

ஒளி

கரும்பலகை பளபளப்பதற்குக் காரணம் நாம் பாடத்தில் நடத்தும் அதே எதிரொளிப்பு விதிதான். படுகோணமும் எதிரொளிப்புக் கோணமும் சமம். வழவழப்பான பலகை, கண்ணாடி போல் சன்னல் வெளிச்சத்தை ஒரு குறிப்பிட்ட பக்கம் திருப்பி அனுப்புகிறது. அந்தப் பக்கம் அமர்ந்திருப்பவர்களுக்கு மட்டும் எழுத்து தெரியாது. நாம் நிற்கும் இடத்திலிருந்து பலகை நன்றாகவே தெரியும் என்பதால் இது நம் கண்ணில் படுவதில்லை. காலையில் தெரியும் இடம் பிற்பகலில் தெரியாமல் போகலாம். ஆகவே இரு வேளையும் பார்க்க வேண்டும்.

தீர்வுகள் எளியவை. பலகைக்கு அருகில் உள்ள சன்னல் கதவு ஒன்றை மட்டும் சாத்தலாம். அல்லது மெல்லிய துணி கட்டலாம். பழைய சிமெண்ட் பலகையாக இருந்தால் கோவை இலையையும் அடுப்புக்கரியையும் அரைத்துப் பூசும் நம் பழைய முறை இன்றும் பயன்படும். அது பலகையைக் கறுப்பாக்கும், பளபளப்பையும் குறைக்கும்.

எழுத்தின் அளவும் முக்கியம். கண் பரிசோதனை அட்டையில் 20 அடி தொலைவிலிருந்து படிக்க வேண்டிய சிறிய எழுத்தின் உயரம் சுமார் 9 மில்லிமீட்டர். நல்ல பார்வை உள்ளவர் முயன்று படிக்கும் எல்லை அது. நாள் முழுவதும் சிரமமின்றிப் படிக்க அதைப் போல் மூன்று மடங்காவது வேண்டும். அதாவது ஓர் அங்குலம். சுழியும் கொம்பும் புள்ளியும் நிறைந்த தமிழ் எழுத்துகளுக்கு இரண்டு அங்குலம் என்று வைத்துக்கொள்வது நல்லது. பலகையின் அடிப்பகுதியில் எழுதுவது பின்வரிசைக்குத் தலைகளால் மறைந்துவிடும் என்பதையும் நினைவில் கொள்வோம்.

எழுதுவதற்கும் வெளிச்சம் வேண்டும். வகுப்பறை மேசைமேல் சுமார் 300 லக்ஸ் இருப்பது நல்லது. கைபேசிச் செயலிகள் இதைத் துல்லியமாகக் காட்டாவிட்டாலும், ஒரு மேசைக்கும் மற்றொரு மேசைக்கும் உள்ள வேறுபாட்டைக் காட்டும். வலக்கையால் எழுதுபவர்களுக்கு வெளிச்சம் இடப்பக்கமிருந்து வந்தால் கையின் நிழல் எழுத்தின்மேல் விழாது. இடக்கைப் பிள்ளைகளுக்கு இதை மாற்றிக் கொடுக்க வேண்டும்.

வெளிச்சத்தைப் பற்றிப் பேசும்போது மைதானத்தையும் சேர்த்துப் பேச வேண்டும். சீனாவின் குவாங்சோ நகரில் முதல் வகுப்புக் குழந்தைகளுக்குத் தினமும் 40 நிமிட வெளிப்புற வகுப்பு ஒன்றைக் கூடுதலாகச் சேர்த்து மூன்று ஆண்டுகள் கண்காணித்தார்கள். 2015இல் முடிவு வெளியானது. வழக்கமான பள்ளிகளில் 39.5 விழுக்காட்டினருக்குக் கிட்டப்பார்வை புதிதாக ஏற்பட்டிருந்தது. வெளிப்புற வகுப்பு நடந்த பள்ளிகளில் அது 30.4 விழுக்காடு. விளையாட்டுப் பாடவேளையை வேறு பாடத்துக்குக் கேட்டு வாங்கும்போது நாம் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். வேம்பு, புங்கன் நிழல் உள்ள பள்ளிகள் வாரத்தில் சில பாடவேளைகளை அங்கேயே நடத்தலாம். 1901இல் சாந்திநிகேதனில் தாகூர் தொடங்கிய பள்ளியில் மரத்தடி வகுப்பு அன்றாட வழக்கம்.

ஒலி

திறந்த வெளியில் தொலைவு இருமடங்கானால் குரலின் அளவு 6 டெசிபெல் குறையும். 6 அடியில் கேட்கும் குரல் 24 அடிக்குப் போகும்போது 12 டெசிபெல் இழந்திருக்கும். அறைக்குள் சுவர்களில் பட்டுத் திரும்பும் ஒலியும் சேர்வதால் அந்த அளவுக்குக் குறையாது. ஆனால் சுவரிலிருந்து திரும்பும் ஒலி ஒரு சொல்லின்மேல் இன்னொரு சொல்லை ஏற்றிக் குழப்பிவிடும். சத்தம் கேட்கும்; சொல் விளங்காது. வகுப்பறையில் பாடம் நடக்கும்போது பின்னணி இரைச்சல் 35 டெசிபெலுக்குள் இருக்க வேண்டும் என்று உலக சுகாதார அமைப்பு 1999இல் பரிந்துரைத்தது. மின்விசிறியும் சாலையும் பக்கத்து வகுப்பும் சேர்ந்த நம் அறைகளில் அது எட்டாத அளவுதான். ஆனாலும் குறைக்கலாம்.

எந்த இடத்தில் கேட்கவில்லை என்று கண்டுபிடிக்க ஒரு சின்ன சொல்வதெழுதுதல் போதும். பட்டம், கட்டம், சட்டம், வட்டம், மட்டம், நட்டம் போன்ற ஒரே ஓசையுள்ள சொற்களைத் தனித்தனியாகச் சொல்லி எழுதச் செய்யுங்கள். முதல் எழுத்து சரியாகக் காதில் விழுந்தால்தான் சரியாக எழுத முடியும், ஊகிக்க வழியில்லை. முதலில் மின்விசிறியை ஓடவிட்டும், அடுத்து நிறுத்தியும் செய்யுங்கள். பிழைகளை இருக்கை வரைபடத்தில் குறித்தால், காதுக்கு எட்டாத மூலை எது என்பது தானாகத் தெரியும். நல்ல இடத்தில் அமர்த்திய பின்னும் பிழை செய்யும் குழந்தையின் காதை மருத்துவரிடம் காட்டச் சொல்ல வேண்டும்.

கடகடக்கும் மின்விசிறியைப் பழுது பார்ப்பது, இரும்பு மேசைக் கால்களுக்குப் பழைய சைக்கிள் டியூப் மாட்டுவது, பின்சுவரில் துணி அல்லது கோணிப்பை மேல் ஒட்டிய படைப்புகளைத் தொங்கவிட்டு எதிரொலியைக் குறைப்பது ஆகியவை எங்களுக்கு உதவின. எல்லாவற்றையும்விட எளியது, முக்கியமான விளக்கத்தின்போது முன்னால் நிற்காமல் வகுப்பின் நடுவே வந்து நின்று பேசுவது.

காற்று

சன்னலுக்குப் பழந்தமிழில் காலதர் என்று ஒரு பெயர் உண்டு. கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. சன்னலின் வேலை என்ன என்பதை அந்தப் பெயரே சொல்லிவிடுகிறது.

வெளிக்காற்றில் பத்து லட்சத்தில் சுமார் 420 பங்கு கார்பன் டை ஆக்சைடு உள்ளது. முன்பு சொன்ன அளவுள்ள அறையில் கதவையும் சன்னல்களையும் சாத்திவிட்டு 40 பேர் அமர்ந்தால் கால் மணி நேரத்துக்குள் அது 1000 பங்கைத் தாண்டிவிடும். பிற்பகல் மூன்றாவது பாடவேளையில் கொட்டாவி பெருகுவதற்குச் சத்துணவை மட்டும் காரணம் சொல்ல முடியாது. மின்விசிறி புதுக்காற்றைக் கொண்டுவருவதில்லை. இருக்கிற காற்றைத்தான் சுழற்றுகிறது. மழை நாளிலும், திறன்மிகு வகுப்பறையில் படம் காட்ட இருட்டாக்கும்போதும், குளிர்சாதனம் உள்ள ஆய்வகத்திலும் இது கூடுதலாகக் கவனிக்க வேண்டியது. பாடவேளை மாறும் ஒவ்வொரு முறையும் ஐந்து நிமிடம் எல்லாவற்றையும் திறந்து வைப்பது நல்ல பழக்கம்.

காற்று ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேற வேண்டும். வகுப்பு முடிந்தபின் சன்னலருகே ஓர் ஊதுபத்தியைப் பிடித்துப் பாருங்கள். புகை உள்ளே நகர்ந்து எதிர்ப்பக்கம் போகிறதா, அங்கேயே நிற்கிறதா என்று தெரியும். பல அறைகளில் காற்றுக்குத் தடையாக இருப்பது சன்னலை மறைத்து வைத்த அலமாரிதான். சுவருக்குள் காற்று வர இடைவெளி விட்டுச் செங்கல் அடுக்கும் முறையைக் கேரளத்தில் லாரி பேக்கர் பரவலாகக் கையாண்டார். புதிய சுற்றுச்சுவரோ நடைபாதைத் தடுப்போ கட்டும்போது அந்த முறையைக் கேட்டுப் பெறலாம்.

கோடையில் மொட்டைமாடித் தளத்துக்கு வெள்ளைப் பூச்சு அடித்தால் வெயிலின் பெரும்பகுதி திரும்பிப் போகும். கீழே உள்ள அறையில் சூடு குறையும். இதைப் பணியாளரைக் கொண்டுதான் செய்ய வேண்டும். மாணவர்களை மேலே ஏற்றக் கூடாது. குடிநீர் இடைவேளையும் இதோடு சேர்ந்தது. தண்ணீர் குடிப்பதற்கென்றே மணி அடிக்கும் வழக்கம் 2019இல் கேரளப் பள்ளிகளில் தொடங்கிப் பேசப்பட்டது. கழிப்பறை சுத்தமாக இல்லையென்றால் மாணவிகள் தண்ணீர் குடிப்பதையே தவிர்ப்பார்கள் என்பதும் நமக்குத் தெரிந்ததுதான். இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

உடல்

பெஞ்சில் அமர்ந்தால் பாதம் தரையில் முழுதாகப் பதிய வேண்டும். மேசை முழங்கை உயரத்தில் இருக்க வேண்டும். ஆறாம் வகுப்பும் பத்தாம் வகுப்பும் ஒரே அளவு பெஞ்சைப் பயன்படுத்தும் பள்ளிகளில் இது கிடைப்பதில்லை. கால் எட்டாத பிள்ளைகளுக்கு அடியில் ஒரு மரப்பலகை வைத்துக் கொடுத்தால் முதுகு நிமிரும். அறைகளுக்கு இடையே பெஞ்சுகளை உயரப்படி பிரித்து மாற்றிக்கொள்வதற்கு ஒரு மாலைப்பொழுது போதும்.

தொடக்க வகுப்புகளில் தரையில் அமர்வது நல்லதே. ஆனால் தரையில் வைத்தே எழுதினால் கழுத்தும் முதுகும் வளைகின்றன. தேர்வு அட்டையை மடிமேல் சாய்த்து வைத்தால்கூட நிலைமை மாறும். செயல்வழிக் கற்றல் 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கியபோது குழந்தைகளின் கைக்கு எட்டும் தாழ்வான கரும்பலகைகள் வந்தன. சுவரில் அவை இன்னும் இருந்தால் பயன்படுத்துவோம். அறை குழந்தையின் உயரத்துக்கு இறங்கி வந்ததற்கு அவை நல்ல சான்று.

இருக்கை அமைப்பு பற்றி 2025 ஜூலையில் நம் மாநிலத்தில் பரவலான விவாதம் நடந்தது. ‘ப’ வடிவில் அமர்ந்தால் கடைசி வரிசை என்பதே இருக்காது என்றனர் ஒரு சாரார். நாள் முழுவதும் பக்கவாட்டில் திரும்பிப் பலகையைப் பார்த்தால் கழுத்து வலிக்கும் என்றனர் மற்றவர். இருவர் சொல்வதிலும் நியாயம் உண்டு. கலந்துரையாடலுக்கு ‘ப’ வடிவம் ஏற்றது. தனியே எழுதும் வேலைக்கு வரிசை ஏற்றது. சோதனைக்கும் செயல்திட்டத்துக்கும் குழு ஏற்றது. வேலைக்கு ஏற்ப அமர்வை மாற்றுவதே முறை. எங்கள் மாணவர்கள் வரிசையிலிருந்து குழுவுக்கு மாற மூன்று நிமிடம் எடுத்துக்கொள்கிறார்கள். தரையில் சுண்ணக்கட்டியால் குறியிட்டுப் பழக்கினால் யாரும் செய்யலாம். அதோடு, இரு வாரத்துக்கு ஒருமுறை இடம் சுழல வேண்டும்; ஒரே குழந்தை ஆண்டு முழுவதும் பின்மூலையில் இருக்கக் கூடாது.

சுவர்: படைப்புக்கு இடம்

சுவர் முழுக்க வண்ணப் படம் இருந்தால் நல்ல வகுப்பறை என்று நினைக்கிறோம். அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014இல் வெளியிட்ட ஆய்வில், மழலையர் வகுப்புக் குழந்தைகள் 24 பேருக்கு வெறுஞ்சுவர் அறையிலும் அலங்கார அறையிலும் பாடம் நடத்திப் பார்த்தார்கள். வெறுஞ்சுவர் அறையில் நேரத்தின் 28.4 விழுக்காடு கவனம் சிதறியது. அலங்கார அறையில் 38.6 விழுக்காடு சிதறியது. சிறிய ஆய்வுதான். ஆனால் நாம் யோசிக்க இடம் தருகிறது.

இங்கிலாந்தின் சால்ஃபோர்டு பல்கலைக்கழகம் 27 தொடக்கப் பள்ளிகளின் 153 வகுப்பறைகளையும் 3766 மாணவர்களையும் ஆராய்ந்து 2015இல் முடிவை வெளியிட்டது. ஓராண்டில் மாணவர்களின் முன்னேற்றத்தில் காணப்பட்ட வேறுபாட்டில் 16 விழுக்காட்டை வகுப்பறையின் இயல்புகளைக் கொண்டு விளக்க முடிந்தது. ஒளி, வெப்பம், காற்று ஆகியவை அதில் பாதி. ‘இது என் வகுப்பு’ என்ற உணர்வும், தேவைக்கேற்ப மாற்றிக்கொள்ளும் வசதியும் கால் பகுதி. வண்ணமும் காட்சிப் பொருள்களும் மீதிக் கால் பகுதி. காட்சிப் பொருள்கள் மிகக் குறைவாகவும் இருக்கக் கூடாது, மிக அதிகமாகவும் இருக்கக் கூடாது என்பதும் அதில் தெரிந்தது.

எங்கள் வகுப்பில் பின்பற்றும் முறை இது. கரும்பலகைச் சுவரில் பாடத்துக்கு வேண்டியதைத் தவிர வேறொன்றும் இல்லை. பக்கச் சுவர்களில் கொஞ்சம் வெற்றிடம் விட்டிருக்கிறோம். பின்சுவர் முழுவதும் மாணவர்களுடையது. எதை ஒட்டுவது, எதை எடுப்பது என்பதை அவர்களே முடிவு செய்கிறார்கள். மாதம் ஒருமுறை மாற்ற வேண்டும். எல்லோருடைய பெயரும் ஒருமுறையாவது வர வேண்டும் என்பவை மட்டுமே விதிகள். அழகான கையெழுத்து மட்டுமே சுவரில் ஏறும் என்றிருந்தால் மற்றவர்களுக்கு அது யாரோ ஒருவரின் சுவர்தான். அரைகுறையாக நின்ற மாதிரி, தோற்ற சோதனையின் குறிப்பு ஆகியவற்றுக்கும் இடம் கொடுத்த பிறகுதான் பேசாத பிள்ளைகள் சிலர் அந்தச் சுவரருகே நின்று பேசத் தொடங்கினார்கள்.

நம் உடம்பும் முக்கியம்

இந்தப் பணியிடத்தில் அதிக ஆண்டுகள் இருக்கப்போவது நாம்தான். இரைச்சலான அறையில் குரலை உயர்த்தியே பழகிய தொண்டை ஒருநாள் கட்டிக்கொள்ளும். அமைதிப்படுத்தக் கத்துவதற்குப் பதில் கைதட்டல் குறிப்பு ஒன்றைப் பழக்கலாம். அவ்வப்போது தண்ணீர் குடிக்க வேண்டும். மூன்று வாரத்துக்கு மேல் குரல் கரகரத்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பார்க்க வேண்டும். பலகையை ஈரத்துணியால் மேலிருந்து கீழாகத் துடைத்தால் சுண்ணப் பொடி மூக்கில் ஏறாது. மாணவர்கள் எழுதும் நேரத்தில் ஐந்து நிமிடம் உட்காருவது சோம்பல் ஆகாது. ஆசிரியர் அறையில் குறிப்பேடு திருத்தும் மேசை சன்னலருகே இருக்கட்டும். பழைய பதிவேடுகளை மூலைக்கு அனுப்பலாம்.

எங்கிருந்து தொடங்கலாம்?

ஒரே நாளில் எல்லாவற்றையும் செய்ய வேண்டியதில்லை. முதல் வாரம் வரைபடமும் பலகைச் சோதனையும். இரண்டாம் வாரம் சொல்வதெழுதுதல். மூன்றாம் வாரம் ஊதுபத்தியும் அலமாரியும். நான்காம் வாரம் பெஞ்சுகளும் பின்சுவரும். ஊதுபத்தியைத் தவிர மற்றவற்றை அறிவியல் செயல்பாடாக மாணவர்களையே செய்யச் சொல்லலாம். எங்கே தெரியவில்லை, எங்கே கேட்கவில்லை என்பதை அவர்களைவிட நன்றாக அறிந்தவர் யாரும் இல்லை. செலவு தேவைப்படுபவற்றை இருக்கை வரைபடத்துடன் பள்ளி மேலாண்மைக் குழுவின் முன் வையுங்கள். ‘மின்விசிறி சரியில்லை’ என்ற பேச்சைவிட, ‘இந்த ஏழு பிள்ளைகளுக்குப் பாடம் கேட்கவில்லை’ என்ற வரைபடம் பெற்றோர்களைச் சீக்கிரம் அசைக்கும். தலைமை ஆசிரியர்கள் பள்ளி மானியத்தைத் திட்டமிடும்போதும் அதே வரைபடம் உதவும்.

அடுத்த தேர்வின் மதிப்பெண்கள் வந்ததும் பட்டியலை எழுதும் முன், மாலை நான்கு மணிக்குப் பிறகு சற்று நேரம் வகுப்பிலேயே இருங்கள். பட்டியலில் வரப்போகும் ஒவ்வொரு பெயரின் இடத்திலும் ஒரு நிமிடம் அமர்ந்து பலகையைப் பாருங்கள். பட்டியல் அதன்பிறகு எழுதப்படட்டும்.